முதலில் ஆளைப் பார்

என் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என்னைத்தான் நாலு வார்த்தை திட்டிக்கொள்ள வேண்டும். அவளை அந்த வேலைக்குத் தள்ளிவிட்டவன் நான்.

பதினெட்டு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவள். அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரை யாரும் படித்ததில்லை. நோயாளி, டாக்டர், கேன்டீன்காரர் எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். நினைவில்லாதவர்களைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்ததில் அவளுடைய முதுகெலும்பில் ஒரு தட்டு விலகிவிட்டது. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று எழுதிக்கொடுத்தது அவள் வேலை பார்த்த மருத்துவமனை. பாரம் தூக்க முடியாத நர்ஸ் எங்களுக்கு எதற்கு என்று வீட்டுக்கு அனுப்பியதும் அதே மருத்துவமனைதான். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

அப்போது அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. மாமா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு அக்காவின் சம்பளத்தை விட்டால் வேறு வழி கிடையாது. நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். என் குடும்பத்தை ஓட்டுவதற்கே எனக்கு நாக்குத் தள்ளும். நான் அவளுக்குக் கொடுக்க முடிந்தது ஆலோசனை ஒன்றுதான், அதை மட்டும் கஞ்சத்தனமில்லாமல் கொடுத்தேன். எந்த வயதிலும், எந்தத் துறையிலிருந்தும் சைபர் பாதுகாப்பு வேலைக்கு மாறலாம் என்று போனில் ஒரு விளம்பரம் வந்தது. பல் தெரியச் சிரித்தபடி ஒருவன் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான்.

"உக்காந்து பாக்குற வேலைக்கா. தூக்கவும் வேண்டாம், தொடைக்கவும் வேண்டாம்."

"போடா. ஒரு மெயில் அனுப்பவே எனக்கு என் பொண்ணு வேணும்."

"இத்தனை வருஷம் மானிட்டரப் பாத்துத்தான உயிரக் காப்பாத்துன? அங்கயும் மானிட்டர்தான்."

என்ன ஒரு மேதாவித்தனம்! என் வாயில் சனி உட்கார்ந்து பேசிய நாள் அது.

ஒன்றரை வருடம் படித்தாள். அதிக நேரம் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும் என்பதால் சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்து, நின்றுகொண்டே படித்தாள். ஒரு பக்கம் குக்கர் கத்தும், இன்னொரு பக்கம் பாடம் ஓடும். "வைரஸ்னு ஒரு வார்த்தைதான்டா எனக்குத் தெரிஞ்சதா இருக்கு" என்று சிரிப்பாள். தேர்வில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வினாள், மூன்றாவது தடவை தேறினாள். எழுபது இடங்களுக்கு விண்ணப்பம் போட்டதில் ஒரே ஒரு நிறுவனம் கூப்பிட்டது. தொண்ணூறு நாள் சோதனைக் காலம், அது முடிந்தால் நிரந்தர வேலை. அன்றைக்கு அவள் போனில் பேசிய சந்தோஷத்தில் எனக்கே தலைகால் புரியவில்லை.

மற்ற கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைக் காவல் காக்கும் நிறுவனம் அது. ஜன்னல் இல்லாத ஒரு கூடம், முப்பது பேர், முப்பது பேர் காதிலும் ஹெட்போன். எங்காவது எதுவாவது வழக்கத்துக்கு மாறாக நடந்தால் திரையில் சிவப்பு வரி ஒன்று வரும். அது நிஜமான ஆபத்தா, வெறும் சத்தமா என்று பார்த்து, ஆபத்தென்றால் மேலே அனுப்ப வேண்டும், இல்லையென்றால் மூடிவிட வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு வரும். பக்கத்து நாற்காலியில் இருப்பவர்கூட எதையாவது கேட்க வேண்டுமென்றால் திரையில் எழுதித்தான் கேட்பார். வார்டில் நாள் முழுக்க வாய் ஓயாத அக்கா, வீட்டுக்கு வந்ததும் மகளைப் பிடித்துவைத்துப் பேசுவாள்.

எண்பத்தோராம் நாள் காலை ஒரு சிவப்பு வரி வந்தது. ஒரு மருந்துக் கம்பெனியின் பெண் குமாஸ்தா அரை மணி நேரத்துக்கு முன்புவரை தன் அலுவலகத்திலிருந்து வேலை செய்திருக்கிறார். இப்போது அவருடைய கணக்கை வேறொரு நாட்டிலிருந்து யாரோ திறந்திருக்கிறார்கள். இப்படி நடந்தால் முதலில் கணக்கைப் பூட்டு, பிறகு அவருடைய போன் நம்பரில் கூப்பிட்டுக் கேள் என்பது அந்த அலுவலகத்துச் சட்டம். அக்காவின் எலும்புக்குள் வேறொரு சட்டம் ஊறிக் கிடந்தது. வார்டில் மானிட்டர் கத்தினால் மானிட்டரைப் பார்க்கக் கூடாது, முதலில் ஆளைப் பார்க்க வேண்டும். பாதி நேரம் விரலில் மாட்டிய கிளிப் நழுவியிருக்கும். ஆள் நன்றாக இருந்தால் சத்தத்தை நிறுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம்.

அதைத்தான் செய்தாள். கணக்கைப் பூட்டவில்லை. அந்தக் கம்பெனி ஆட்கள் கம்ப்யூட்டரில் எழுதிப் பேசிக்கொள்ளும் அரட்டைப் பெட்டியில் குமாஸ்தாவுக்கே எழுதிக் கேட்டாள்: உள்ளே வந்திருப்பது நீங்கள்தானா? ஒன்றும் பிரச்சினை இல்லையே? நான்தான், எங்கள் இன்டர்நெட் சில சமயம் இப்படி வேறு நாட்டைக் காட்டும் என்று உடனே பதில் வந்தது. சிவப்பு வரியை மூடிவிட்டாள்.

கணக்கைத் திருடியவன் கைக்கு அதே அரட்டைப் பெட்டியும்தானே போயிருக்கும்? பதில் எழுதியது அவன். அக்கா பார்த்தது ஆளையே இல்லை. இரண்டாம் நாள் அந்தக் கம்பெனியின் கோப்புகள் எல்லாவற்றையும் யாரோ திறக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். வேலை மொத்தமும் நின்றுபோனது.

யாரும் தேடுவதற்கு முன்பே அவளே அறிக்கை எழுதிக்கொடுத்தாள். இத்தனை மணிக்கு இதைப் பார்த்தேன், இதைச் செய்தேன், செய்ய வேண்டிய இதைச் செய்யவில்லை என்று வார்டில் எழுதுவதுபோலவே எழுதினாள். அதைப் படித்த டீம் லீடர் அவள் மகளைவிட நாலைந்து வயது மூத்தவர். "இவ்வளவு தெளிவா இங்க யாருமே எழுதினதில்ல மேடம்" என்றார். அடுத்த வாக்கியத்தில், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

விஷயம் தெரிந்து நான் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடினேன். அக்கா சமையல் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மேடையில் லேப்டாப் இல்லை.

"நீயா எதுக்குக்கா எழுதிக் குடுத்த? அவங்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்னு விட்டிருக்கலாம்ல!"

"தப்ப மறைச்சா அடுத்த ஆளுக்கும் அதே நடக்கும்டா."

"சட்டம்தான் தெரியும்ல? ஒரு போன் போட எவ்வளவு நேரமாகும்?"

மேடையை ஒரு துணியால் துடைத்தாள். பிறகு, "அறிக்கைல ஒண்ண மட்டும் எழுதல" என்றாள். "போன் எடுக்கத்தான் போனேன். அதுக்குள்ள அவன் இன்னொரு வரி எழுதினான்."

"என்னன்னு?"

"அக்கறையா கேட்டதுக்கு நன்றி, நீங்க சாப்டாச்சான்னு." அவள் என்னைப் பார்க்கவில்லை. "எண்பத்தோரு நாள்ல அந்த ஆபீஸ்ல ஒருத்தர்கூட என்னை அப்படிக் கேக்கல. போனைக் கீழ வெச்சுட்டேன்."

"பதில் போட்டியா?"

"போட்டேன். இன்னும் இல்ல, நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்கன்னு."