பயிற்சித்தாளில் நான் போட்ட தப்பு

மணமேல்குடியில் எட்டு வயது மகளுக்கு நானே வீட்டில் பாடம் சொல்லித் தருகிறேன். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். ‘ஐந்து நிமிடம் கண்ணை மூடி, கேட்ட சத்தங்களை எழுதுக’ என்ற பயிற்சித்தாளை ஒருநாள் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். காக்கா, பஸ், மிக்ஸி என்று எழுதியவள், கடைசியில் ‘யாரோ மூச்சு விடும் சத்தம்’ என்று எழுதியிருந்தாள்.

“வீட்டுல நம்ம ரெண்டு பேருதானே இருக்கோம்? கதை விடாதடி” என்று சிவப்புப் பேனாவால் தப்புப் போட்டேன்.

மறுநாள் காலை அதே பயிற்சியைக் கொடுத்தபோதும் அதையே எழுதினாள். மறுபடி தப்புப் போட்டேன்.

“இன்னைக்கு கிட்டத்துல கேக்குதும்மா. ஃபேனை நிறுத்திட்டுக் கேளு” என்றாள்.

எரிச்சலோடு நிறுத்திவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். நீளமாக, நிதானமாக ஒரு மூச்சு கேட்டது. அது எங்கள் இருவருடையதும் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால், பழைய தாள்கள் வைத்திருந்த அட்டைப்பெட்டியிலிருந்து வந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். போன் செய்ததும் தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். அவர்கள் பெட்டியைக் கவிழ்த்ததும் நல்ல பாம்பு படமெடுத்து நின்றது.

அன்று மாலை என் இரண்டு தப்பையும் அவளே அடித்துவிட்டு ‘சரி’ போட்டுக்கொண்டாள். இப்போதெல்லாம் அவள் கேட்டதை நானும் கேட்டுப் பார்க்காமல் சிவப்புப் பேனாவைத் திறப்பதில்லை.