பந்து சோதிக்கும் துர்யாத்தி

தெகால் ஊரில் கர்துபியின் இறகுப்பந்துப் பட்டறையில் துர்யாத்தி வேலைக்குச் சேர்ந்தபோது வயது பதினாறு. மற்றப் பெண்கள் வாத்து இறகைக் கழுவி, தக்கையில் செருகி, நூல் கட்டினார்கள். இவளுக்கு வாய்த்தது அடிக்கிற வேலை. தயாரான பந்தை இந்தக் கோடியிலிருந்து ஓங்கி அடிப்பாள். எதிர்க்கோடியில் சுண்ணாம்புக் கோட்டருகே போய் விழுந்தால் டப்பாவுக்குள் போகும். தள்ளாடினால் கழிவுக் கூடைக்கு. ஒரு நாளைக்கு அறுநூறு பந்து. பத்து வருஷம்!

சுதந்திர தினப் போட்டிகளில் ஆண்கள்கூட அவளிடம் தோற்றார்கள். "அது கையா, கவணா?" என்று தோளைத் தேய்த்துக்கொண்டு போனார்கள். ஊர்ச் சாம்பியன் ஆனாள், மாவட்டச் சாம்பியன் ஆனாள். எண்பத்து நாலாம் வருஷம் ஸ்மாராங் நகரில் நடக்கும் மாகாணப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள்.

"ஒரு வாரம் லீவா? சரக்கு ஏத்தணும்மா. நீ ஜெயிச்சு என்ன ஆகப் போவுது?" என்றார் கர்துபி.

அவள் புருஷன் தார்யோனோ வெங்காய லாரி ஓட்டுபவன். "நீ போ. வேலை போச்சுன்னா என்கூட மூட்டை தூக்கு" என்று சிரித்தான்.

போனாள். வரிசையாக நாலு ஆட்டம் ஜெயித்தாள்! சேதி தெகாலுக்கு எட்டியதும் பட்டறையில் ஒருத்திக்கும் வேலை ஓடவில்லை. இறுதி ஆட்டத்தன்று விடியற்காலையில் இருபத்து மூன்று பெண்கள், இலையில் மடித்த சோற்றுப் பொட்டலங்களோடு தார்யோனோவின் லாரியில் ஏறிவிட்டார்கள்.

எதிரே மெய்லானி. பத்தொன்பது வயது, பெரிய கிளப், பக்கத்திலேயே பயிற்சியாளர். முதல் செட் மெய்லானிக்கு, இரண்டாவது துர்யாத்திக்கு. மூன்றாவதில் பத்துக்கு மூன்று என்று மெய்லானி முன்னால் நின்றாள். இன்னும் ஒரே புள்ளிதான் பாக்கி. அதுவரை துர்யாத்தி வெறி பிடித்தவள்போல் அடித்திருந்தாள். எல்லாம் வலையில் மாட்டியிருந்தன.

அப்போதுதான் லாரிக் கூட்டம் வெங்காய நெடியோடு உள்ளே புகுந்தது. இறகு கழுவும் ரஸ்மியா தொண்டை கிழியக் கத்தினாள்: "அக்கா! என்ன இது, எல்லாத்தையும் வலையில போடறே? முதலாளி சம்பளத்தைப் புடிச்சிடப் போறாரு!"

அரங்கமே சிரித்தது. துர்யாத்தியும் சிரித்துவிட்டாள். சிரித்ததும் தோள் இளகியது. வேகத்தை விட்டாள். பட்டறையில் அடிப்பதுபோல் உயரே, உயரே, கூரையை உரசுகிற மாதிரி தூக்கி அடித்தாள். ஒவ்வொன்றும் பின்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் செங்குத்தாக விழுந்தது. மெய்லானி ஓடி ஓடிக் களைத்தாள். நாலு, ஆறு, ஒன்பது... பத்துக்குப் பத்து! விதிப்படி இன்னும் இரண்டு புள்ளிக்கு ஆட்டம் நீண்டது. பதினொன்று துர்யாத்திக்கு.

கடைசிப் பந்து மேலே போனது. "விடு! வெளியே போகுது!" என்று பயிற்சியாளர் அலறினார். மெய்லானி மட்டையை இறக்கினாள். பந்து கோட்டின் மேலேயே விழுந்தது. கோட்டு நடுவர் குனிந்து பார்த்து, உள்ளே என்று கையை நீட்டினார். அடுத்த நொடி இருபத்து மூன்று பெண்களும் மைதானத்துக்குள்!

மெய்லானி அழுதுகொண்டே வலைக்கு வந்தாள். "உள்ள விழும்னு எப்படிக்கா தெரியும்?"

"எனக்கெங்கடி தெரியும்? கை அடிச்சுது."

திரும்பி வந்ததும் கர்துபி திட்டத்தான் காத்திருந்தார். ஆனால் கடைக்காரர்கள் 'சாம்பியன் சோதிச்ச பந்து' கேட்டு வாசலில் நின்றதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். மறுவருஷம் மெய்லானி அவளைத் துவைத்து எடுத்தாள். அதற்கடுத்த இரண்டு வருஷமும் கோப்பை தெகாலுக்கு வந்தது. ஜகார்த்தாவில் தேசியப் போட்டிக்கு இரண்டு முறை போய், இரண்டு முறையும் சீக்கிரமே தோற்றாள். "அங்க எல்லாரும் பேய் மாதிரி ஓடறாளுங்க" என்று மலைத்துப்போய்ச் சொன்னாள்.

நாற்பத்தைந்து வயதில் மூத்தோர் இரட்டையரில் இறங்கினாள். ஜோடி யார்? மெய்லானியேதான்!

"அது என் பந்துடி!"

"உங்களுக்கு வயசாச்சுக்கா, நகருங்க!"

ஆட்டம் முழுக்கச் சண்டை. எதிரணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை, இருபது நிமிஷத்தில் தோற்றும் போனார்கள்.