இரண்டு வரி இடத்துக்கு ஒரு உபதலைப்பு

ஐம்பதுகளின் கடைசியில் விருதுநகரில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே எங்கள் திருச்சபையின் மாதப் பத்திரிகையையும் கவனித்தேன். பத்திரிகாசிரியர் என்று பெயர். பாதி வேலை பக்கம் நிரப்புவது. சிவகாசி அச்சகத்தில் ஈய எழுத்தைக் கையால் கோத்த காலம். பத்திகளுக்கு நடுவே இடம் மிஞ்சினால் ஒரு உபதலைப்பைச் செருகிவிடுவோம். அதற்கென்றே ‘மனந்திரும்புதல்’, ‘பொறுமையின் பலன்’, ‘கவனக்குறைவு’ என்று தடித்த எழுத்தில் கோத்த வரிகள் கலைக்காமல் ஒரு தட்டில் கிடக்கும். எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது.

ஒரு வருடம் எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்தது. எங்கள் சபைப் பெண் ஒருத்தியும் கூட வேலை பார்த்த இருவரும் இறந்தார்கள். தீ எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் அப்படித்தான் எழுதினேன். பக்கம் மிஷினில் ஏறப்போகும் நேரம், அவள் அறைக்குள் போனதைச் சொல்லும் பத்திக்கு மேலே இரண்டு வரி இடம் மிஞ்சியது. தட்டைப் பார்த்தேன். ‘கவனக்குறைவு’ அளவாக இருந்தது. வைக்கச் சொன்னேன். படிப்பவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று நினைத்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டேன். பொய். யோசிக்கவே இல்லை.

பத்திரிகை வந்த வாரமே அவள் கணவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை, எழுத்து தெரியாது. இறந்த மற்ற இருவரின் வீட்டாரும் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்களாம். கட்டுரையை முழுக்கப் படித்துக் காட்டி, அவள்மேல் எங்கேயும் குற்றம் சொல்லவில்லை என்றேன்.

“உள்ள எழுதினத யாருய்யா படிக்கா? பெருசாப் போட்டதத்தான் படிச்சாக. எம்பொண்டாட்டிதான் ரெண்டு பேரக் கொன்னுட்டான்னு பேசுறாக.”

அடுத்த இதழில் திருத்தம் போடுவதாகச் சொன்னேன்.

“அதையும் அம்புட்டுப் பெருசாப் போடுவீகளா?”

போடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சபை மூப்பர்களுக்குத் திருத்தமே பிடிக்கவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்றார்கள். போட்டே ஆகவேண்டுமென்றால் பொடி எழுத்தில் போடச் சொன்னார்கள். அவர்களோடு சண்டை போட்டேன் என்று எழுத ஆசைதான். தலையாட்டிவிட்டு வந்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில் மூன்று வரியாக வந்தது அந்தத் திருத்தம். அதற்கு மேலே இரண்டு வரி இடம் இருந்தது. அங்கே பூ போட்ட அச்சுக்கட்டை ஒன்றை வைக்கச் சொன்னது நான்தான்.