இன்னொரு ரவுண்டு சார்

இப்போதெல்லாம் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் சார் வாசற்படியில் உட்கார்ந்து, வலது ஷூவின் லேஸைப் பிடித்தபடியே முக்கால் மணி நேரம் இருப்பார். என்ன பண்ணுகிறீர்கள் என்று மனைவி கேட்டால், "அவுத்துட்டுத்தானே இருக்கேன்" என்பார். முடிச்சு அப்படியே இருக்கும்.

பத்தொன்பது வருஷமாக ஓட்டப் பயிற்சியாளர். மைதானத்தில் அவருக்குப் பெயர் ‘இன்னொரு ரவுண்டு’. நாக்குத் தள்ள ஓடி வந்து விழுகிற பிள்ளையிடம், விருந்தாளிக்கு இன்னொரு கரண்டி சோறு வைக்கிற பாசத்தோடு, "இன்னொரு ரவுண்டு போயிட்டு வா கண்ணு" என்பார். அவரைச் சபிக்காத கால் அங்கே கிடையாது.

ஒரு மாதமாக அந்த வார்த்தையே வாயில் வரவில்லை. போதும், தண்ணீர் குடியுங்கள் என்கிறார். ஜெயித்துக் கோப்பையோடு வந்தவனையும் முட்டி பெயர்ந்து வந்தவனையும் ஒரே முகத்தோடு பார்க்கிறார். வேலையை விடுவதாக எழுதிய கடிதம் டிராக் பேண்ட் பையில் நாலாய் மடிந்து கிடக்கிறது. முதல் கடிதத்தை மனைவி பேண்டோடு சேர்த்துத் துவைத்துவிட்டார், இது இரண்டாவது. சனிக்கிழமை ஆபீசில் கொடுக்கப்போகிறார் என்பது மைதானத்துக்கே தெரிந்த ரகசியம்.

இந்த லட்சணத்தில்தான் நெட்டைக்காலி என்கிற வாலுப்பெண் திங்கட்கிழமை அவருடைய ஸ்டாப்வாட்சிலிருந்து பேட்டரியைக் கழற்றினாள். கத்துவார், துரத்துவார், பழைய மனுஷன் எட்டிப் பார்ப்பார் என்று அவள் கணக்கு. ஓடி முடித்து வந்தாள். வெறும் கண்ணாடியைப் பார்த்து அவர், "ஒரு நிமிஷம் பன்னெண்டு. பரவால்ல" என்றார். பிள்ளைகள் துண்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். செவ்வாயும் ஒரு நிமிஷம் பன்னெண்டு. புதனும். வியாழனன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவளே போய் நின்றாள். "சார், அதுல பேட்டரி இல்ல. திங்கக்கிழமையே எடுத்துட்டேன்."

வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னைக்கு என்ன கெழமை?"

"வெள்ளி. திட்டுங்க சார்."

"திட்டணும்தான். நாளைக்குத் திட்டறேன்."

நாலு அறை விட்டிருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. பேட்டரியைப் போட்டு வாட்சை அவர் கையில் திணித்தாள். "இன்னொரு ரவுண்டு போறேன் சார்" என்று கோட்டில் போய் நின்றாள். சொல்லாமலே ஒருத்தி ஓடுவதை அவர் அதுவரை பார்த்ததில்லை. வாட்சை அமுக்கினார்.

திரும்பி வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் படாமல் உள்ளங்கையைக் குவித்து வாட்சில் நேரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"ஒண்ணு பத்தொம்போது. இதுக்குப் பேரு ஓட்டமா?"

குறித்துவைக்கப் பையைத் துழாவினார். நாலாய் மடிந்த காகிதம்தான் அகப்பட்டது. அதைப் பிரித்து, கவிழ்த்துத் தொடைமேல் வைத்து, பின்பக்கம் 1.19 என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.