ஷேட் கார்டில் இல்லாத ஊதா

அத்தைக்குப் பெயிண்ட் கடையில் வேலை. சுவருக்கு என்ன நிறம் அடிப்பதென்று குழம்பி நிற்பவர்கள் முன்னால் ஷேட் கார்டை விரிப்பாள். அவர்கள் ஒன்றைத் தொட்டதும், வெள்ளை பெயிண்டில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டு, இயந்திரத்தில் குலுக்கித் தருவாள். டப்பாக்களின் அடியில் மிஞ்சுவதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. அதை வைத்துத்தான் வீட்டில் படம் வரைவாள்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற மிதப்போடு நான் அந்த ஊருக்கு வேலைக்குப் போனபோது, அவள் வீட்டு மாடியறையில்தான் தங்கினேன். ஜன்னலைத் திறந்தால் கீழே தோட்டம். தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கொய்யா மரம், ஒரு துணிக்கொடி, பாசி படிந்த தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் தேவாலயத்தின் முதுகு. முகப்பு பெரிய தெருவைப் பார்த்திருந்தது. எங்கள் பங்குக்கு வெள்ளைச் சுவரும், கோபுரத்தின் பிடரியும், ஒரு வட்ட ஜன்னலும் கிடைத்தன.

அதையேதான் வருஷக்கணக்கில் ஒட்டுப்பலகைத் துண்டுகளில் வரைந்துகொண்டிருந்தாள். எந்தப் படத்திலும் கோபுரம் நேராக நிற்காது. ஒன்றில் கொய்யா இலை கோபுரத்தைவிடப் பெரிது. இன்னொன்றில் கொடியில் காயும் போர்வை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. தேவாலயம் ஒரு பலகையில் ரோஜா நிறம், ஒன்றில் சாம்பல், ஒன்றில் ஊதா. வெள்ளையாக ஒன்றுகூட இல்லை.

“உங்க அத்தை கோயிலையே துவைச்சுக் கொடியில காயப் போட்டுட்டா, பாத்தியா?” என்பார் லாரி ஓட்டும் மாமா.

“நீங்க ஓட்டற லாரி மட்டும் நேராவா போகுது?” என்பாள் அத்தை, பலகையிலிருந்து தூரிகையை எடுக்காமலே.

தேவாலயத்துக்கு மறுபடி வண்ணம் பூச முடிவானது. பாதிரியாரும் செயலாளரும் கடைக்கு வந்து ஷேட் கார்டைப் புரட்டிப் புரட்டிச் சலித்தார்கள். “இந்தம்மா வீட்டுல உங்க கோயில் விதவிதமா இருக்கு, போய்ப் பாருங்களேன்,” என்று முதலாளி சொல்லிவிட, ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டார்கள்.

மதிலோரம் சாய்த்து வைத்திருந்த பலகைகளைச் செயலாளர் பெரிய ஷேட் கார்டு என்றே நினைத்துக்கொண்டார். நெற்றிக்கு ஏறியிருந்த கண்ணாடியை இறக்கவும் இல்லை. ஊதாவுக்கு எதிரில் நின்றார்.

“இதான் ஃபாதர்! சுத்துவட்டாரத்துல ஊதாக் கோயிலே கிடையாது. சுத்திச் சுத்தி இதையே அடிச்சிடுவோம்.”

அத்தைக்கு முகம் வெளுத்தது. “ஐயா, அது உங்க வெள்ளைச் சுவருதாங்க. சாயங்காலம் அப்படி ஆகும்.”

“சுவரு தானா நிறம் மாறுமா? நல்லா இருக்கே கதை! பெயிண்ட் விக்கறவங்களே வேணாங்கறீங்க?”

“ஊதா அடிச்சா அப்புறம் ஊதா மட்டும்தாங்க இருக்கும். கொஞ்சம் உக்காருங்க, நீங்களே பாப்பீங்க.”

உட்கார்ந்தார்கள். டீ குடித்தார்கள். மேகம் வந்து மூடிக்கொண்டது. சுவர் சாம்பலாகி அப்படியே இருண்டது.

“ஊதா இன்னைக்கு லீவு போல,” என்று செயலாளர் எழுந்தார். “புதன்கிழமை ஆளுங்க வர்றாங்க. கலந்து வச்சிருங்கம்மா.”

அவர்கள் போனபின் அத்தை குழாயடியில் சுத்தமான தூரிகைகளையே கழுவிக்கொண்டிருந்தாள். “கலக்கச் சொன்னா கலந்துதான் ஆகணும், அது என் பொழப்பு. ஆனா அதுக்கப்புறம் இங்க உக்காந்து நான் எதைடா பாப்பேன்?”

நான் குழாயை மூடினேன்.

மறுநாள் மாலை பாதிரியார் மட்டும் துணிக்கொடிக்குக் குனிந்து உள்ளே வந்தார். “நேத்து உக்காந்த இடத்துலயே உக்காரலாமா?”

அன்று வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. வெயில் இறங்க இறங்க, சுவர் முதலில் பாலாடையானது. பிறகு உள்ளே யாரோ விளக்கேற்றியது போல மஞ்சள் கசிந்தது. காற்றில் போர்வை ஒருமுறை உப்பித் தாழ்ந்தபோது அதற்குப் பின்னால் ரோஜா. எங்கள் மூச்சும் மெதுவாகிவிட்டது. எந்தக் கணத்தில் என்று சொல்ல முடியாது, கோபுரத்தின் அடியிலிருந்து ஊதா ஏறத் தொடங்கியது. மரம், தொட்டி, அத்தையின் கைகள் எல்லாம் அதே நீரில் மிதந்தன. கோபுரம்கூடக் கொஞ்சம் சாய்ந்தது போலத்தான் இருந்தது.

பாதிரியார் கண்ணெடுக்காமல் போனை எடுத்தார். “சீக்கிரம் வாய்யா. கோயிலுக்கில்ல, கோயிலுக்குப் பின்னாடி.”

செயலாளர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. “எங்க ஃபாதர்?”

“போயிடுச்சு.”

“இப்படிச் சொன்னா நான் எதை நம்பறது?”

“நாளைக்கு வெயில் இருக்கறப்பவே வாங்க,” என்றாள் அத்தை.

வந்தார், கண்ணாடியைச் சரியாகப் போட்டுக்கொண்டு. ஊதா முழுதாக ஏறிய பிறகு, “யாரும் அடிக்காமலேயே...” என்று முனகினார். போகும்போது வாசலில் நின்று, “வெள்ளையே குடுத்துருங்கம்மா,” என்றார்.

“ஒரு வெள்ளையை விக்கறதுக்கு இத்தனை பாடா!” என்றார் மாமா.

பூச்சு முடிந்த அன்று அத்தை கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். புதுச் சுவரைப் பார்க்கக் கண் கூசியது. பலகையை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்திருந்தாள். வெயில் சாய்ந்து கொய்யா மரத்தின் மேல் விழுந்து, இலைகளின் சாயல் சுவரில் படிந்ததும், சட்டென்று என் பக்கம் குனிந்தாள்.

“இப்ப பச்சைடா,” என்றாள், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல.