டிக்கியில் கிடந்த சக்கரம்

அந்த மஞ்சள் விளக்கு பதினோரு நாள் என் உயிரை வாங்கியது. காரைக் கிளப்பினால் போதும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி எரியும். ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு என்று அர்த்தம். எந்த டயர் என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியாது.

துறைமுகச் சாலை பெட்ரோல் பங்கில் மூன்று தடவை நாலு டயருக்கும் காற்றுப் பிடித்தேன். மூன்றாம் தடவை, உங்கள் மீட்டர்தான் கோளாறு என்று அங்கிருந்தவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். பாவம் மனுஷன், இன்னொரு மீட்டர் கொண்டுவந்து அளந்து காட்டினார். சர்வீஸ் சென்டரில் காரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், உப்புக்காற்றில் சென்சார் போயிருக்கும், நாலையும் மாற்றுங்கள் என்றார்கள். தூத்துக்குடியில் எது கெட்டாலும் பழி உப்புக்காற்றின் தலையில்தான். அண்ணனிடம் போனில் சொன்னேன். அவனும் உப்புக்காற்று என்றான். கண்டுகொள்ளாமல் ஓட்டு என்றான்.

அண்ணன் கடைசியாக என் வீட்டுக்கு வந்தது அம்மாவைப் பார்க்க. உடன்குடியில் தனியாக இருக்கும் அம்மாவைக் கண்புரை ஆபரேஷனுக்காக நான் பஸ்ஸில் அழைத்து வந்திருந்தேன். ஆபரேஷன் முடிந்த மறுநாள் வந்தான், அரைமணி நேரம் இருந்தான், ஏரலில் ஒரு கல்யாணம் என்று என் காரை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் கொண்டுவந்து விட்டான். விளக்கு எரிய ஆரம்பித்தது அதற்கு மறுநாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் புத்தி வரவில்லை.

அம்மா இருக்கும் வீடும் அதைச் சுற்றிய பனங்காடும் அண்ணன் பெயரில் இருக்கின்றன. அப்பா இறந்தபின் நானும் அம்மாவும் எங்கள் பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். நகை போட்டுக் கட்டிக்கொடுத்த பெண் பங்கு கேட்டால், பிறந்த வீட்டில் அப்புறம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க முடியாது. ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டேன், அண்ணன் ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தான், எல்லோரும் ஓட்டலில் சாப்பிட்டோம். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற டீச்சர் நான், அந்தப் பத்திரத்தை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. அம்மா இருக்கும்வரை வீட்டை விற்கக்கூடாது என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அண்ணன் தலையாட்டினான். எனக்கு அது போதுமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அம்மாவை உடன்குடியில் விடக் கிளம்பினேன். எரிகிற விளக்கோடு அவ்வளவு தூரம் போக மனசு வராமல், வழியில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் நாலு டயரிலும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். எங்கும் ஒழுகல் இல்லை. பிறகு பின்பக்க டயர் ஒன்றைத் தடவிப் பார்த்து, இது மட்டும் தேயவே இல்லையே, ஸ்டெப்னியை மாட்டியிருக்கிறீர்களே என்றார். நான் எதையும் மாட்டவில்லை என்றேன். அவர் டிக்கியைத் திறந்து அடித்தட்டைத் தூக்கினார். ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில் காற்றுப்போன சக்கரம் ஒன்று கிடந்தது. இந்த வண்டியில் ஸ்டெப்னிக்குச் சென்சார் கிடையாதாம். கழற்றிப் போட்ட சக்கரத்தின் சென்சார்தான் டிக்கியில் கிடந்தபடி காற்றில்லை, காற்றில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

விரல் நீளத்துக்கு ஓர் உடைமர முள்ளைக் குறடால் பிடுங்கினார். டயர் வரிகளிலிருந்து சிவப்பு மணல் கொட்டியது.

"தேரி மண்ணுல்லா இது. உடன்குடிப் பக்கம் போனியளா, அக்கா?"

ஏரல் ஆற்றங்கரை ஊர், அங்கே ஏது செம்மணல் தேரி? அவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தபோது தள்ளிப் போய் நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் மழுப்பவே இல்லை. ஆள் கூட்டிப்போய் வீட்டைக் காட்டினானாம், முன்பணமும் வாங்கிவிட்டானாம். அம்மா கண்ணில் கட்டோடு என் வீட்டில் படுத்திருந்த அன்றைக்கு, என் காரிலேயே. பத்திரம் எழுதியபோது தலையாட்டினாயே என்றேன்.

"நீ எழுதிக் குடுத்துட்ட சொத்து. அதுல ஒனக்கு என்னளா பேச்சு?" என்று வைத்துவிட்டான்.

சக்கரத்தை மாட்டிய பிறகு விளக்கு அணைந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு அம்மா. நாற்பது வருஷம் இருந்த வீட்டை உன் மகன் விற்றுவிட்டான் என்று எந்த வாயால் சொல்வது? வீடு, விலை என்று நான் தட்டுத் தடுமாறி ஆரம்பித்ததும், அம்மா எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"சாமான் எடுக்கத்தானளா இப்பம் போறோம்? அண்ணன் ஆஸ்பத்திரிக்கு முன்னாலயே சொல்லிட்டான். நீதான் பிடிவாதமா என்னைய ஒங்கூட வச்சுக்கிடுதேன்னு சொன்னியாமே. அதைக் கேட்ட பெறவுதான் நான் சரின்னேன்."

அவளையும் ஏமாற்றியிருக்கிறான், என்னை வைத்தே. பாவி. இல்லையென்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் சாயம் வெளுத்துவிடும். ஆனால் மகன் விரட்டினான், மகளும் கூப்பிடவில்லை என்பதும் அம்மாவுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, நான்தான் சொன்னேன்" என்றேன்.