ஃபனூரிஸின் பெயர் நாள்

கிரேக்க அரசாங்கம் கழுத்துவரை கடனில் மூழ்கியிருந்த வருடங்கள் அவை. ஓய்வூதியத்தை வெட்டினார்கள், வரியை ஏற்றினார்கள். ஆனாலும் எங்கள் தீவின் கடைக்காரர்களுக்கு பில் போடுவதென்றால் வேப்பங்காய். வரி ஆய்வாளரின் தலை தெரிந்ததும், "இன்னிக்கு என் பெயர் நாளுங்க, எல்லாம் என் உபசாரம்" என்பார்கள். தன் பெயருக்குரிய புனிதரின் திருநாளில் வந்தவருக்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு போடுவது எங்கள் வழக்கம். விற்பனையே இல்லாத இடத்தில் வரி ஏது? வெளியூர் ஆய்வாளர்கள் அதை நம்பி, வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போனார்கள்.

புதிதாக வந்த வரி ஆய்வாளர் ஸ்டமாதியாவிடம் அது பலிக்கவில்லை. அவள் இந்தத் தீவிலேயே பிறந்தவள்.

ஆகஸ்டு நடுவில், ஃபனூரிஸின் உணவகத்தில் அவள் நுழைந்தபோது மேசையெல்லாம் சுற்றுலாப் பயணிகள். ஒருவரிடமும் பில் இல்லை. ஃபனூரிஸ் சின்ன வயதிலிருந்து அவளுக்கு அண்ணன் மாதிரி. வரும் ஞாயிறு அவள் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்கப் போகிறவனும் அவன்தான்.

"இன்னிக்கு என் பெயர் நாள்டி!"

"அதுக்கு இன்னும் பத்து நாள் இருக்கேண்ணே."

"முன்னாடியே கொண்டாடுறேன். உனக்கென்ன?"

"சரி" என்றவள் நாற்காலிமேல் ஏறி, தெரிந்த மொழியிலெல்லாம் அறிவித்தாள்: "இன்று முதலாளியின் பெயர் நாள். யாரும் காசு தர வேண்டாம்!"

ஒரே கைதட்டல். ஒரு ஜெர்மன்காரர் ஃபனூரிஸைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டுவிட்டு, குடும்பத்தோடு கிளம்பினார். அடுத்த மேசையும் எழுந்தது.

"அடிப்பாவி! நிறுத்தச் சொல்லுடி! பில் போடுறேன், எல்லாத்துக்கும் போடுறேன்!"

போட்டான். அதற்குமேல் அபராதமும் எழுதினாள்.

"ஞாயித்துக்கிழமை வேற ஆளைப் பாத்துக்கோ" என்றான் அவன்.

"உங்க அம்மாவோட பென்ஷன்ல கை வச்சது யாருண்ணே? ஏதென்ஸ்ல இருக்கிற அரசாங்கம் மட்டுமா? வரி கட்டாத நீங்களுந்தானே?" கேட்கும்போதே அவள் குரல் உடைந்தது. ஆனால் எழுதியதை அடிக்கவில்லை. அந்த நெஞ்சுரம் எங்களில் யாருக்கு இருந்தது?

ஞாயிறன்று கோயிலில் பாதிரியார் இரண்டு தடவை மணியைப் பார்த்துவிட்டார். குழந்தையோடு தனியாக நின்ற ஸ்டமாதியா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஃபனூரிஸ் வந்தான், மெழுகுவர்த்தியும் எண்ணெய்க் குப்பியுமாக. அவள் முகத்தைப் பார்க்காமலே குழந்தையை வாங்கிக்கொண்டான்.

விருந்து அவன் உணவகத்தில்தான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் பில்லைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினான்.

"வரியும் சேத்துத்தான் போட்டிருக்கேன். ஞானத்தகப்பனே பொய்க்கணக்கு எழுதினா, பிள்ளை எப்படிடி உருப்படும்?"